நான்கு கம்பியும் ஒரு மஞ்சள் கோடும்

மெத்தைக்காரன் காரணமில்லாமல் யாருக்கும் எதையும் தூக்கிவந்து கொடுக்கமாட்டான் என்பது லிஃப்ட்காரரின் தீர்மானமான கருத்து. ஆகவே அன்று மாலை அவன் நீளமான ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு, வாசல் மிதியடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு உள்ளே வந்தபோதே அவர் பையை மேலிருந்து கீழ்வரை கண்ணால் ஒருமுறை சோதித்துவிட்டார்.

இருவரும் சகலைகள். அக்காளை இவர் கட்டியிருந்தார், தங்கையை அவன். இவர் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று சான்று கொடுக்கிறவர். அவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். படுத்துப் பார்க்க வந்தவரைப் படுத்த இடத்திலேயே பேசி வாங்க வைத்துவிடுவான் என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். லிஃப்ட்காரருக்கு அது பெருமையாகப் பட்டதில்லை.

"என்ன தம்பி, பையில பொணத்தையா கொண்டு வர்றே?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி விளக்கைப் போட்டாள்.

"பேஸ் கிட்டார் அண்ணி, அடித்தொண்டையில உறுமற கிட்டார். சிநேகிதன் வீடு மாத்தறான், வச்சுக்கோன்னு கொடுத்துட்டான்." மெத்தைக்காரன் பையின் ஜிப்பைத் திறந்தான். "அடுத்த மாசம் மாமா ரிடையர் ஆகறாருல்ல? தண்ணி வாரிய ஹால்ல விழா. நம்ம குடும்பம் சேந்து ஒரு பாட்டு வாசிக்கறோம். அவருக்குப் பிடிச்ச அந்தப் பழைய படகுப் பாட்டு. நான் கிட்டார் வாசிச்சுப் பாடறேன். உங்க தங்கச்சி மரப்பெட்டியில தாளம் தட்டுவா. அண்ணன் பேஸ்."

"நானா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நாலே கம்பிண்ணே. ரொம்பச் சுலபம்."

சுலபம் என்ற சொல்லை லிஃப்ட்காரர் தன் தொழிலில் நிறையக் கேட்டிருக்கிறார். லிஃப்ட் மாட்டியவன் பிரேக்கைச் சுலபமாகச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் அன்றைக்கு அந்த பிரேக்கை இரண்டு முறை கழற்றிப் பார்ப்பார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு பழைய அடிப்படையும் இருந்தது. மெத்தைக்காரனின் கல்யாண வரவேற்பில், கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் திடுதிப்பென்று மைக்கை இவர் கையில் திணித்து, "இப்ப எங்க சகலை பாடுவார்!" என்று அறிவித்துவிட்டான். இவருக்கு மைக்கை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் எது கிடைத்தாலும் முதலில் சோதிக்கிறவர். மைக்கைத் தட்டி, "செக்... செக்..." என்றார். மறுபடியும், "செக்." கூடம் முழுவதும் உருண்டு சிரித்தது. அன்று முதல் மாமியார் வீட்டு வகையில் அவருக்கு 'செக் மாப்பிள்ளை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் ஓர் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் அவருக்குப் புரியாதா?

இப்போது அதே கூட்டம் மறுபடியும் ஒரு கூடத்தில் உட்காரப்போகிறது. அதே ஆள் கையில் ஒன்றைத் திணிக்கிறான். இந்தத் தடவை சிரித்தால் இனி அந்த வீட்டுப் படியேற முடியாது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஆனால் மாமனார் நல்ல மனிதர். வாரியத்தின் பம்பு அறையிலேயே காதைப் பாதி தொலைத்தவர். அவருக்காக ஒரு பாட்டு என்றால் எப்படி முடியாதென்பது?

"எனக்கு இசை படிக்கத் தெரியாதே," என்று ஒரு கடைசி முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம்ணே. டேப்னு ஒரு எழுத்து முறை இருக்கு." மெத்தைக்காரன் இரண்டு தாள்களை எடுத்து நீட்டினான். கையால் எழுதியவை. "நாலு கோடு, நாலு கம்பி. கோட்டு மேல நம்பர் இருக்கா? கிட்டார் கழுத்துல எத்தனையாவது கட்டத்துல அமுக்கணும்னு அர்த்தம். பூஜ்யம்னா எங்கயும் அமுக்காம சும்மா மீட்டணும். இடமிருந்து வலமாப் படிச்சுக்கிட்டே போங்க. ஒண்ணு பழக, சும்மா ஒரு குழந்தைப் பாட்டு. இன்னொண்ணு நம்ம பாட்டு. கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கலாம்."

அவன் டீ குடித்துவிட்டுப் போனான். கண்ணை ஏன் மூடவேண்டும் என்று லிஃப்ட்காரர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஃபைல் கவரிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தபோது, தாளில் இருந்தது அவருக்கு உடனே பிடிபட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பூஜ்யம் தரைத்தளம். ஒன்று முதல் மாடி, மூன்று மூன்றாம் மாடி. நான்கு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நான்கு லிஃப்டுகள். விரல் ஒரு லிஃப்டில் ஏறி, மூன்றாம் மாடியில் நின்று, இறங்கி, அடுத்த லிஃப்டுக்கு மாறுகிறது. அன்று மாலை வேலையிலிருந்து திரும்பியதும் சாமான் அறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் நிமிர்த்திக் குனிந்து பார்த்தார். முகத்துக்கு மிக அருகே மேலே இருந்தது தடிமனான கம்பி. தாளில் மேலே இருந்தது முதல் கோடு. மேல் கோடு மேல் கம்பி, கீழ்க் கோடு கீழ்க் கம்பி. வரைபடத்தில் மேலே இருப்பது கட்டடத்திலும் மேலே இருக்கவேண்டும். இதில் யாரிடம் கேட்க என்ன இருக்கிறது?

குழந்தைப் பாட்டை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். விரல் நுனி சிவந்தது. கம்பி கர்ரென்றது. மெல்ல மெல்லச் சத்தம் சுத்தமானது. ஆனால் பாட்டு வரவில்லை. குடித்துவிட்டு வந்தவன் இருட்டில் வீட்டைத் தேடுவதுபோல, தெரிந்த சந்துக்குள் நுழைந்து தெரியாத வாசலில் போய் முட்டியது.

"என்னங்க, அது என்ன பாட்டு?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உனக்கு என்ன பாட்டுன்னு தோணுது?"

"பாட்டுன்னே தோணல. மேசையை இழுக்கறீங்களோன்னு பாத்தேன்."

படகுப் பாட்டையும் போட்டுப் பார்த்தார். கைபேசியில் மூலப் பாட்டை ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வாசித்தார். அங்கேதான் சந்தேகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முழுவதும் தப்பாக இருந்திருந்தால் தன் கை சரியில்லை என்று விட்டிருப்பார். சில இடங்களில் பாட்டோடு ஒட்டியது. அடுத்த அடியிலேயே பல்லிளித்தது. தற்செயலான பழுது இப்படிப் பாதியாக இருக்காது. பாதி சரியாக வைத்துவிட்டு மீதியை மாற்றுவதற்கு ஆள் வேண்டும்.

தாளை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது ஓரம் மற்ற ஓரங்களைப்போல் இல்லை. வெட்டப்பட்டிருந்தது. கத்தரியால் வெட்டியிருந்தால் கொஞ்சமாவது வளையும். இது இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து பிளேடால் இழுத்த வெட்டு. கோடுகள் தொடங்கும் இடத்தை ஒட்டியே வெட்டு போயிருந்தது. அங்கே ஏதோ இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்திருக்கிறான்.

'வெட்டினவன் எதையோ மறைக்கறான்,' என்று சொல்லிக்கொண்டார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவன் அவள் தங்கை புருஷன். "பாவம் அந்தப் பிள்ளை" என்று ஆரம்பித்துவிடுவாள்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், பிரேக்கின் நட்டுகளை முடுக்கிக்கொண்டே மெத்தைக்காரனுக்கு போன் போட்டார்.

"தம்பி, அந்தத் தாள்ல எழுதினது எல்லாம் சரிதானே?"

"நூத்துக்கு நூறுண்ணே. ஏன், வரலையா?"

"வருது, வருது. சும்மா கேட்டேன்."

"வரலைன்னா சொல்லுங்க, நான் வீட்டுக்கு வந்து காட்டறேன்."

"வேண்டாம் வேண்டாம்."

வந்து காட்டுகிறேன் என்பதிலும் ஒரு பணிவு கூடுதலாகத் தொனித்தது. போனை வைத்துவிட்டு, பையிலிருந்து மஞ்சள் மை பேனாவை எடுத்தார். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டிலிருந்து அடித்தகட்டுவரை சேர்த்து ஒரே கோடாக இழுப்பது அவர் வழக்கம். பிறகு நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆட்கள் பொய் சொல்லலாம், மஞ்சள் கோடு பொய் சொல்லாது. மனிதர்கள்மேலும் இப்படி ஒன்று போட முடிந்தால் எவ்வளவு நிம்மதி!

கோடு இழுத்துக்கொண்டிருக்கையில்தான் அவருக்கு வழி தோன்றியது. சண்டை போடக்கூடாது. புகார் சொல்லக்கூடாது. தாளில் எழுதியதை ஓர் எண் பிசகாமல் நன்றாகப் பழகி, ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அப்படியே வாசித்துவிடவேண்டும். பாட்டு நாறும். "இதோ, உங்க மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தது," என்று தாளை மாமியார் கையில் கொடுத்துவிடவேண்டும். விழாவில் சிரிக்க நினைத்தவன் ஒத்திகையிலேயே முழிப்பான்.

தப்பான பாட்டை அவ்வளவு சிரத்தையாக உலகத்தில் யாரும் பழகியிருக்கமாட்டார்கள். சாமான் அறையில் தினமும் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமலே வாசிக்கும் அளவுக்குத் தேறினார். கைபேசியில் பாட்டை ஓடவிடுவதையும் நிறுத்திவிட்டார். நியாயத்துக்குப் பாட்டு எதற்கு?

ஒத்திகை மெத்தைக் கடையின் பின்பக்கக் கிடங்கில், கடைக்கு வார விடுமுறை நாளில் நடந்தது. சுவரெல்லாம் மெத்தைகள் செங்குத்தாக நின்றன. பேசினால் சொல் வாயை விட்டு இரண்டடி போவதற்குள் அமுங்கிவிடுவதுபோல இருந்தது. மாமியார் ஒரு மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரரின் மனைவி பக்கத்தில். மச்சினி மரப்பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், பயமா இருக்கா?" என்றாள்.

"எனக்கென்ன பயம்?" என்றார் அழுத்தமாக. கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கறுப்பு ஆம்ப் பெட்டியின் ஒலியை நன்றாகக் கூட்டிவைத்தார். எல்லோருக்கும் கேட்கவேண்டும் அல்லவா?

மெத்தைக்காரன் எண்ணிக்கை சொல்லித் தொடங்கினான். லிஃப்ட்காரர் தாளில் உள்ளதை உள்ளபடி, முழுக் கம்பீரத்தோடு, பிசகாமல் வாசித்தார். படகு இரண்டு வரி மிதந்து, பிறகு பாறையில் மோதியது. மச்சினியின் கை பெட்டிமேல் அந்தரத்தில் நின்றது. மெத்தைக்காரன் பாடுவதை நிறுத்திவிட்டான். இவர் நிறுத்தவில்லை. கடைசி எண்வரை வாசித்து முடித்துத்தான் தலை நிமிர்ந்தார்.

"அண்ணே..." என்றான் மெத்தைக்காரன்.

"என்ன? நீங்க எழுதினதுதான். ஒரு நம்பர் மாத்தல. அத்தை, இந்தாங்க தாளு. யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க."

மாமியார் தாளை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எனக்கு எறும்பு போறாப்ல இருக்கு," என்று சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மெத்தைக்காரன் பேஸ் கிட்டாரை இவரிடமிருந்து வாங்கிக்கொண்டான். தாளைப் பார்த்தான். வாசித்தான். தடுமாற்றமில்லாமல், அதே தாளிலிருந்து, படகு துறையை விட்டு அலுங்காமல் கிளம்பியது.

லிஃப்ட்காரர் எட்டி, அது தன் தாள்தானா என்று பார்த்தார்.

"நீங்க எந்தக் கோட்டுக்கு எந்தக் கம்பி வாசிச்சீங்க?"

"மேல் கோட்டுக்கு மேல் கம்பி."

"ஐயோ, தலைகீழ்! கீழ்க் கோடுதாண்ணே தடிமன் கம்பி."

"தடிமன் கம்பி மேல இருக்கு. கண்ணு தெரியுதா இல்லையா?"

"கையில மேல. தாள்ல கீழ."

"மேல இருக்கறதை எவனாவது கீழ வரைவானா? லிஃப்ட்டை இப்படி வரைஞ்சா ஆளு செத்துடுவான்!"

மெத்தைக்காரன் ஒரு கணம் யோசித்துவிட்டு, கிட்டாரைக் கொண்டுபோய் ஒரு மெத்தைமேல் மல்லாக்கப் படுக்கவைத்தான். அதன் கழுத்து இடப்பக்கம் இருந்தது. பக்கத்தில் தாளை வைத்தான். "இப்ப வந்து இங்க நின்னு பாருங்க. நிமித்தாதீங்க. படுக்க வச்சுப் பாக்கணும்."

பார்த்தார். தடிமன் கம்பி அவர் வயிற்றுப் பக்கம், கீழே. தாளிலும் கீழ்க் கோடு கீழே. கோட்டுக்குக் கோடு, கம்பிக்குக் கம்பி, அச்சாகப் பொருந்தியது. வாழ்நாள் முழுக்க எதையும் நிற்கவைத்தே பார்த்தவருக்கு, படுக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று எப்படித் தோன்றும்?

"ஓரத்துல ஒவ்வொரு கோட்டுக்கும் கம்பி பேரை எழுதியிருந்தேனே," என்று மெத்தைக்காரன் தாளைத் தடவினான். "எங்க அது? வெட்டியிருக்கே!"

லிஃப்ட்காரருக்கு உயிர் வந்தது. "அதைத்தான் நானும் கேக்கறேன். வெட்டினது யாரு?"

"நான்தான்," என்றாள் அவர் மனைவி.

லிஃப்ட்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குத் தம்பி போனதும் எடுத்து வைக்கலாம்னு பாத்தேன், உங்க ஃபைல் கவருக்குள்ள நுழையல. தாளு மடங்கினா உங்களுக்குப் பிடிக்காதேன்னு உங்க இரும்பு ஸ்கேலை வச்சு நறுக்கினேன். ஓரத்துல தனித்தனியா நாலு எழுத்துதான் இருந்துச்சு. ஒரு வார்த்தைகூடச் சேரல. அது எதுக்குன்னு நெனச்சேன்."

மாமியார் முதலில் அடக்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. "செக் பண்ணாம விட்டுட்டீங்களே மாப்பிள்ளை," என்று சொன்னதும் மச்சினி பெட்டியிலிருந்து சரிந்துவிட்டாள். மெத்தைகள் அந்தச் சிரிப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். உறிஞ்சவில்லை.

எந்தச் சிரிப்புக்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ, அதைத் தானே பந்தி வைத்துப் பரிமாறியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சந்துக்கு வந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மெத்தைக்காரன் வந்தான். சிரிக்கவில்லை.

"நான் வேணும்னே தப்பா எழுதிக் கொடுத்தேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"நீங்க கடைசிவரைக்கும் நிறுத்தாம வாசிச்சப்ப, நீங்கதான் வேணும்னே என் பாட்டைக் கெடுக்கறீங்கன்னு நான் நெனச்சேன்."

"அதுவும் உண்மைதான்," என்றார் லிஃப்ட்காரர். முகத்துக்கு நேரே கேட்டால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "உங்க வரவேற்புல மைக்கக் கொடுத்தீங்களே. அது?"

மெத்தைக்காரன் சுவரில் காறை பெயர்ந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். "அது சிரிக்க வைக்கத்தான் கொடுத்தேன். இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்ப புத்தி அப்படி. இது அப்படியில்ல. எனக்குப் பாட ஆரம்பிச்சா பாட்டு ஓடிடும்ணே. என்னையும் மீறி வேகம் ஏறிடும். உங்க மச்சினியும் என்கூடவே ஓடி வந்துடுவா. பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் வேணும். யோசிச்சுப் பாத்தேன். தீ பிடிச்சாலும் நடந்தே வெளிய போறவர் நம்ம குடும்பத்துல நீங்க ஒருத்தர்தான்."

அது புகழ்ச்சியா கிண்டலா என்று லிஃப்ட்காரர் நெடுநேரம் உரசிப் பார்த்தார். பிடிபடவில்லை. "கம்பி பேரை மறுபடியும் எழுதிக் கொடுங்க," என்றார்.

விரல்கள் தப்பை அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தபடியால் அதை மறக்கவைப்பது பெரும்பாடாகிவிட்டது. கிட்டாரை மடியில் படுக்கவைத்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை என்று ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். குழந்தைப் பாட்டு ஒருநாள் குழந்தைப் பாட்டாகவே வந்துவிட்டது. சமையலறையில் மனைவி தன்னையறியாமல் கூடப் பாடினாள். பிறகு படகு.

சகலை சந்தில் சொன்னதை அவர் நம்பினாரா என்றால், பாதி நம்பினார். பாதியை நம்புவது அவருக்குப் பெரிய விஷயம். மீதிப் பாதிக்காக, விழா அன்று எல்லோருக்கும் முன்னதாக ஹாலுக்குப் போனார். ஆம்ப் பெட்டியை மேடையின் பின்பக்கம் வைத்து, ஒலியை அளவாகத் திருகி, பையிலிருந்து மஞ்சள் மை பேனாவை எடுத்தார். குமிழிலிருந்து பெட்டிவரை ஒரு கோடு இழுத்தார். யாராவது தன் சத்தத்தைக் குறைத்து, வெறுங்கையை ஆட்டும் பொம்மையாகத் தன்னை நிற்கவைக்கப் பார்த்தால் கோடு சொல்லிவிடும்.

மாமனார் முன்வரிசையில், கழுத்தில் மாலையோடு, கேட்கும் காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியது. முதல் அடியிலேயே லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டது, மெத்தைக்காரன் பொய் சொல்லவில்லை. பாட்டு ஓடியது. கூட்டத்தைப் பார்த்ததும் அவன் குரல் படிக்கட்டில் இறங்குகிறவன்போல் தடதடத்தது. மச்சினியின் கையும் பின்னாலேயே ஓடியது. இவர் ஓடவில்லை. தரைத்தளம், மூன்றாம் மாடி, பக்கத்து லிஃப்ட், மறுபடி தரைத்தளம். கதவு மூடாமல் லிஃப்ட் கிளம்பாது, எவன் அவசரப்பட்டாலும் சரி. மெத்தைக்காரன் ஒருமுறை திரும்பி, தாளத்துக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்த இவர் காலைப் பார்த்தான். குரல் மெல்லப் பின்வாங்கி வந்து அவரோடு சேர்ந்துகொண்டது.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாட்டில்லாத இடம் ஒன்று வந்தது. அப்போது மெத்தைக்காரன் இரண்டெட்டு பின்னால் போனான். ஆம்ப் பெட்டிப் பக்கம். குனிந்தான். இவர் கடைக்கண்ணால் பார்த்துவிட்டார். கை இரண்டும் கம்பியில். திரும்ப முடியாது, நிறுத்த முடியாது, நிறுத்தினால் மாமனார் முகம் வாடும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். கடைசிவரை பிசகவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள். மாமனார் எழுந்து நின்று தட்டினார். எல்லோரும் மெத்தைக்காரனைச் சூழ்ந்து குரலைப் புகழ்ந்தார்கள். மாமியார் இவரிடம் வந்து, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மாப்பிள்ளை. நீங்க வாசிச்சது எனக்குத் தனியாக் கேக்கவே இல்ல. ஆனா பாதிப் பாட்டுக்கு அப்புறம் நான் உக்காந்திருந்த நாற்காலி அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. உங்க மாமா அதுலதான் தாளம் பிடிச்சாரு. காதுல இல்ல, நாற்காலியில," என்றார்.

பாதிப் பாட்டுக்கு அப்புறமா?

கூட்டம் விலகியதும் லிஃப்ட்காரர் ஆம்ப் பெட்டி முன்னால் மண்டியிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மஞ்சள் கோடு உடைந்திருந்தது. நினைத்தது சரிதான் என்று முனகினார். அப்புறம் நிதானமாக, தொழில்முறையில், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். குமிழின் மேலிருந்த பாதிக் கோடு பெட்டியின் மேலிருந்த பாதிக்கு வலப்பக்கம் நன்றாகத் தள்ளி நின்றது. இடப்பக்கம் திருகினால் ஒலி குறையும். வலப்பக்கம் திருகினால் கூடும். குமிழைத் தொட்டு, மனசு கேட்காமல் அதையும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"என்னண்ணே, கோவமா?" மெத்தைக்காரன் பின்னால் வந்து நின்றான். வியர்த்திருந்தான். "கூட்டத்தைப் பாத்ததும் ஓடிட்டேன். உங்க சத்தம் எனக்குப் பத்தல. அதான் கேக்காமலே கூட்டிட்டேன்."

லிஃப்ட்காரர் எழுந்து முழங்காலைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மை பேனாவை எடுத்தார். மறுபடி குனிந்து, குமிழ் இப்போது நின்ற இடத்தில், குமிழையும் பெட்டியையும் சேர்த்துப் புதிதாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்கயே இருக்கட்டும்," என்றார். "வயரைச் சுத்துடா."